செயிண்ட் ஜான் தீவுக்கான போக்குவரத்து

செயிண்ட் ஜான் என்பது கரிபியக் கடலின் வடகிழக்கு ஓரத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் உள்ள ஒரு சிறிய தீவு ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,881 மக்கள் இங்கு வாழ்ந்தனர். ஆட்சிப்பகுதியின் மூன்று முதன்மைத் தீவுகளான செயிண்ட் தாமஸ், செயிண்ட் குரோய், செயிண்ட் ஜான் ஆகியவற்றுள் வானூர்தி நிலையம் இல்லாதது இது மட்டுமே. ஆகவே இத்தீவுக்கு வருவோர் அனைவரும், அரிசி மூட்டை முதல் ஆளுநர் வரை, கடைசிக் கட்டத்தைக் கடல் வழியாகவே கடக்க வேண்டியுள்ளது.

மேற்கே உள்ள செயிண்ட் தாமஸ் தீவுக்கும் செயிண்ட் ஜானுக்கும் இடையில் உள்ள கடற்பகுதி பில்ஸ்பரி நீரிணை எனப்படுகிறது. செயிண்ட் தாமசின் ரெட் ஹுக் இறங்குதுறையிலிருந்து செயிண்ட் ஜானின் குரூஸ் பே இறங்குதுறை வரை உள்ள தொலைவு ஏறத்தாழ 5 முதல் 6 கிலோமீட்டர் ஆகும். பயணிகள் படகு இதனை 20 நிமிடங்களில் கடந்துவிடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு இது ஓர் இனிய குறும்பயணம். தீவில் வாழ்பவர்களுக்கோ பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் என அனைத்தும் இந்த நீரிணைக்கு அப்பாலிருந்தே வருகின்றன.

பெயர்க் குழப்பம்

இத்தீவைக் கரிபியத் தீவான அன்டிகுவாவின் தலைநகர் செயிண்ட் ஜான்சுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. கனடாவின் நியூபவுண்ட்லாந்து மாகாணத் தலைநகரின் பெயரும் செயிண்ட் ஜான்ஸ் ஆகும். அதே நாட்டின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் செயிண்ட் ஜான் என்றே ஒரு நகரம் உள்ளது. இம்மூன்று இடங்களுக்கும் வானூர்தி நிலையங்கள் உள்ளன. எனவே பயணச்சீட்டுப் பதிவுத் தளங்களில் வெறுமனே செயிண்ட் ஜான் என்று தேடினால் இவற்றுள் ஒன்றே முதலில் தோன்றக்கூடும். வெர்ஜின் தீவுகளின் செயிண்ட் ஜானுக்குச் செல்ல விரும்புபவர் செயிண்ட் தாமஸ் என்று தேட வேண்டும்.

வானூர்தி நிலையம் இல்லாமை

செயிண்ட் ஜான் எரிமலைப் பாறைகளால் உருவான, செங்குத்தான மலைகள் நிறைந்த தீவு ஆகும். இதன் மிக உயர்ந்த இடமான போர்டோ மலை 389 மீட்டர் உயரமுடையது. கடற்கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே சென்றாலே நிலம் மேலேறத் தொடங்கிவிடுகிறது. சமதளம் என்று சொல்லத்தக்க இடங்கள் மிகக் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் குடாக்களின் தலைப்பகுதியில் உள்ள சிறு துண்டுகளே.

இத்தகைய தீவுகளில் ஓடுபாதை அமைப்பதன் இடர்ப்பாட்டை அறிய அண்டைத் தீவின் வரலாறே போதுமானது. செயிண்ட் தாமஸ் வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை முன்பு 1,420 மீட்டர் அளவே நீளமுடையதாக இருந்தது. 1976 ஏப்ரல் 27 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 727 வானூர்தி ஒன்று இறங்கியபின் நிற்க இயலாமல் ஓடுபாதையின் எல்லையைக் கடந்து சென்று மோதியது. அதிலிருந்த 88 பேரில் 37 பேர் உயிரிழந்தனர். பின்னர் ஓடுபாதை கடலுக்குள் நீட்டப்பட்டு ஏறத்தாழ 2,130 மீட்டராக்கப்பட்டது. ஹாரி ட்ரூமன் பெயரில் இருந்த இந்நிலையம் 1984 முதல் ஆட்சிப்பகுதியின் முன்னாள் ஆளுநரான சிரில் கிங் பெயரால் வழங்கப்படுகிறது. செயிண்ட் தாமஸ் செயிண்ட் ஜானைவிடப் பெரிய தீவு. அங்கேயே கடலைத் தூர்த்துத்தான் போதிய நீளத்தைப் பெற முடிந்தது.

இரண்டாவது தடை நிலத்தின் உரிமை. 1950களில் லாரன்ஸ் ராக்பெல்லர் என்னும் அமெரிக்கச் செல்வர் இத்தீவில் பெருமளவு நிலத்தை வாங்கி, அவற்றுள் ஏறத்தாழ 5,000 ஏக்கரை ஐக்கிய அமெரிக்க அரசுக்குக் கொடையாக வழங்கினார். அதைக் கொண்டு 1956இல் வெர்ஜின் தீவுகள் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. இன்று தீவின் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலம் இப்பூங்காவினுள் அடங்கும். 1962இல் தீவைச் சூழ்ந்த கடற்பரப்பின் ஒரு பகுதியும் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. 2001இல் அதனை ஒட்டிய பவளப்பாறைப் பகுதிகள் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஆகவே நிலத்தில் இடமில்லாவிட்டால் கடலைத் தூர்க்கலாம் என்ற வழிக்கும் இங்கு வாய்ப்பு மிகக் குறைவு. இன்று இத்தீவைப் பார்க்க வருவோர் இந்தக் காட்டையும் பவளப்பாறைகளையும் பார்க்கவே வருகின்றனர் என்பதும் கருதத்தக்கது.

கடல்வானூர்திகள் சில காலம் இவ்வட்டாரத்தில் ஒரு மாற்றுவழியாக இருந்தன. 1964இல் சார்லஸ் பிளேர் என்னும் வானோடி செயிண்ட் குரோயில் தொடங்கிய ஆன்டில்ஸ் ஏர் போட்ஸ் நிறுவனம், துறைமுக நீர்ப்பரப்பிலேயே இறங்கி ஏறும் சிறு வானூர்திகளைக் கொண்டு தீவுகளை இணைத்தது. 1978 செப்டம்பரில் செயிண்ட் குரோயிலிருந்து செயிண்ட் தாமசுக்குத் தாமே ஓட்டிச்சென்ற வானூர்தி விபத்துக்குள்ளானதில் பிளேர் இறந்தார். இவர் நடிகை மொரீன் ஓ'ஹாராவின் கணவர் ஆவார்.

செயிண்ட் தாமஸ் வழியாகச் செல்லுதல்

பெரும்பாலான பயணிகள் பயன்படுத்தும் வழி இதுவே. மயாமி, நியூயார்க், அட்லான்டா முதலிய அமெரிக்க நகரங்களிலிருந்து செயிண்ட் தாமசுக்கு நேரடி வானூர்திகள் உள்ளன. அருகிலுள்ள புவெர்ட்டோ ரிக்கோவின் சான் வான் நகரிலிருந்து பறப்பு நேரம் அரை மணி அளவே.

ஆட்சிப்பகுதி ஐக்கிய அமெரிக்காவுக்குரியது ஆதலால் அந்நாட்டுக் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. இந்தியா, இலங்கை உள்ளிட்ட, நுழைவுரிமை தேவைப்படும் நாடுகளின் குடிமக்கள் ஐக்கிய அமெரிக்க நுழைவுரிமை பெற்றிருத்தல் வேண்டும். ஆனால் ஒரு விந்தை உண்டு. வெர்ஜின் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவின் சுங்க எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. ஆகவே செயிண்ட் தாமசிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குத் திரும்பும் அனைவரும், உள்நாட்டுப் பயணமாயினும், வானூர்தி ஏறுமுன் சுங்க, குடிவரவு அலுவலர்களின் சோதனையைக் கடக்க வேண்டும். செயிண்ட் ஜானிலிருந்து புறப்படுபவர்கள் படகு, சாலை, சோதனை வரிசை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டியுள்ளது. நண்பகல் வானூர்திக்குக் காலையிலேயே படகேறுவது உள்ளூரார் வழக்கம்.

வானூர்தி நிலையம் செயிண்ட் தாமசின் மேற்குப் பகுதியிலும், ரெட் ஹுக் இறங்குதுறை கிழக்கு முனையிலும் உள்ளன. எனவே பயணி ஒரு தீவின் நீளம் முழுவதையும் சாலையில் கடக்க வேண்டும். நேர்க்கோட்டுத் தொலைவு 13 கிலோமீட்டர் அளவே எனினும், மலைச் சாலையின் வளைவுகளாலும் தலைநகர் சார்லட் அமாலியின் நெரிசலாலும் வாடகை வண்டிகள் அரை மணி முதல் முக்கால் மணி வரை எடுத்துக்கொள்கின்றன. சுற்றுலாக் கப்பல்கள் பல வந்து நிற்கும் நாட்களில் இன்னும் தாமதமாகும். நேரத்தைக் கணக்கிடுவோர் கடலை அஞ்சுகின்றனர்; உண்மையில் பயணத்தின் கணிக்க இயலாத பகுதி இந்தச் சாலையே.

ரெட் ஹுக்கிலிருந்து குரூஸ் பேக்குக் காலை முதல் இரவு வரை ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை படகு புறப்படுகிறது. அரசின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இப்படகுகளை இயக்குகின்றன. பயணிகள் கீழ்த்தட்டிலும் திறந்த மேல்தட்டிலும் அமரலாம். பெட்டிகளுக்குத் தனிக்கட்டணம் உண்டு. நீரிணையின் வடபகுதியில் வரிசையாக உள்ள சிறு தீவுத்திட்டைகள் அலையின் வேகத்தை ஓரளவு தடுப்பதால் பெரும்பாலான நாட்களில் கடல் அமைதியாகவே இருக்கும். டிசம்பர் முதல் வீசும் வலுவான கிழக்குக் காற்றை உள்ளூர் மக்கள் கிறித்துமசுக் காற்று என்பர். அக்காலத்தில் மேல்தட்டில் அமர்பவர்கள் நனைவது இயல்பு.

சார்லட் அமாலியை அடுத்துள்ள க்ரௌன் பே துறையிலிருந்தும் குரூஸ் பேக்குப் படகு உண்டு. இது வானூர்தி நிலையத்துக்கு அருகில் உள்ளதால் சாலைப் பயணம் மிச்சமாகிறது. ஆனால் நாளொன்றுக்குச் சில முறைகளே இயங்கும்; கடற்பயணமும் இருமடங்கு நீளமானது.

இரவின் கடைசிப் படகைத் தவறவிட்டவருக்கு வழி இரண்டுதான். அதிகக் கட்டணம் கொடுத்துத் தனிப் படகை அமர்த்திக்கொள்ளலாம். அல்லது செயிண்ட் தாமசிலேயே தங்கலாம். படகு நேரங்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால், மாலையில் தரையிறங்கும் வானூர்தியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அன்றைய அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

ஊர்திப் படகுகள்

மோட்டார் வண்டிகளும் சரக்குகளும் தட்டையான ஊர்திப் படகுகளில் ரெட் ஹுக்கிலிருந்து கொண்டுவரப்படுகின்றன. இவை குரூஸ் பேயின் பயணிகள் துறைக்கு வராமல், அதற்குத் தெற்கே எனிகெட் குளம் என்னும் இடத்தில் உள்ள துறைக்கு வருகின்றன. எனிகெட் என்ற தேனிய மொழிச் சொல்லுக்கு ஒற்றுமை என்று பொருள். பழைய தோட்டம் ஒன்றின் பெயர் அது. முன்பு உப்பங்குளமாக இருந்த இவ்விடம் கடலுடன் இணைக்கப்பட்டுத் துறையாக்கப்பட்டது.

பல ஊர்திப் படகுகளில் ஒருபுறம் மட்டுமே வாயில் உள்ளதால், ஓட்டுநர்கள் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி ஏற்ற வேண்டும். அருகில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் லாரிகள் நிற்க, படகுப் பணியாளரின் கைச்சைகைகளை மட்டும் நம்பிப் பின்னேறுவது புதியவர்களுக்கு எளிதன்று. போதாக்குறைக்கு, வெர்ஜின் தீவுகளில் சாலையின் இடப்புறமாக வண்டி ஓட்டுவது விதி. வண்டிகளோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானவை ஆதலால் அவற்றின் சுக்கானும் இடப்பக்கமே உள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சியின்கீழ் உள்ள இடங்களுள் இடப்புறம் ஓட்டும் வழக்கம் இங்கு மட்டுமே உள்ளது.

தீவின் அங்காடிகளில் விற்கப்படும் உணவு, கட்டடப் பொருள், எரிபொருள் அனைத்தும் இப்படகுகளிலேயே வருகின்றன. பெருநிலத்திலிருந்து செயிண்ட் தாமசுக்கு ஒருமுறையும், அங்கிருந்து இங்கு மறுமுறையும் ஏற்றி இறக்கப்படுவதால் விலை இருமுறை கூடுகிறது. திரும்பிச் செல்லும் படகுகளில் தீவின் குப்பை செல்கிறது. அது செயிண்ட் தாமசின் பொவோனிக் குப்பைக் கிடங்கில் கொட்டப்படுகிறது.

பிரித்தானிய வெர்ஜின் தீவுகள் வழியாகச் செல்லுதல்

செயிண்ட் ஜானின் வடகிழக்கே சில கிலோமீட்டரில் பிரித்தானிய வெர்ஜின் தீவுகளின் முதன்மைத் தீவான டோர்டோலா உள்ளது. அதனுடன் பாலத்தால் இணைக்கப்பட்ட பீஃப் தீவில் ஒரு வானூர்தி நிலையம் இருக்கிறது. 2023 சூனில் மயாமியிலிருந்து இதற்கு நேரடி வானூர்தி தொடங்கப்பட்டது. டோர்டோலாவிலிருந்து குரூஸ் பேக்குப் படகில் வரலாம். எனினும் இது ஒரு பன்னாட்டு எல்லையைக் கடக்கும் பயணம்; அமெரிக்கக் குடிமக்களுக்கும் கடவுச்சீட்டு வேண்டும். குரூஸ் பேயில் இதற்கெனச் சுங்க, குடிவரவு அலுவலகம் உள்ளது. தம் சொந்தப் பாய்மரக் கலங்களில் வருவோரும் இங்கேயே பதிவு செய்ய வேண்டும்.

இந்த எல்லை வரைபடத்தில் கூர்மையாகத் தெரிந்தாலும் மக்களிடையே அவ்வாறில்லை. செயிண்ட் ஜானின் பழைய குடும்பங்கள் பலவற்றுக்கு டோர்டோலாவில் உறவினர்கள் உள்ளனர். பிரித்தானியப் பகுதியிலும் அமெரிக்க டாலரே நாணயம். 2020இல் கோவிட்-19 தொற்றின்போது பிரித்தானிய வெர்ஜின் தீவுகள் தம் எல்லைகளை மூடியதால் இப்படகுப் போக்குவரத்து நீண்ட காலம் நின்றது. கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்த உறவினரைக் காண இயலாத நிலை அப்போது ஏற்பட்டது.

வரலாறு

தேனியர்கள் 1672இல் செயிண்ட் தாமசிலும், 1718இல் செயிண்ட் ஜானிலும் குடியேறினர். செயிண்ட் ஜானில் அவர்கள் முதலில் இறங்கிய இடம் கிழக்கில் உள்ள கோரல் பே ஆகும். (இப்பெயர் பவளத்தைக் குறிப்பதன்று, கால்நடைப் பட்டி என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது எனக் கருதப்படுகிறது.) கரும்பு, பருத்தித் தோட்டங்கள் பெருகி, 1733ஆம் ஆண்டளவில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் இத்தீவில் இருந்தனர். வெள்ளையர் தொகை அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே.

1733 நவம்பர் 23 அன்று, இன்றைய கானா நாட்டுப் பகுதியைச் சேர்ந்த அக்வாமு மக்களின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். விறகுக் கட்டுகளுள் கத்திகளை மறைத்துக்கொண்டு கோரல் பே கோட்டையினுள் நுழைந்து காவலர்களைக் கொன்றனர். கட்டிலுக்கடியில் ஒளிந்து தப்பிய ஒரு வீரர் கடலைக் கடந்து செயிண்ட் தாமசுக்குச் செய்தி கொண்டு சென்றார். தோட்ட உரிமையாளர்கள் வடமேற்குக் கரையில் உள்ள ஒரு தோட்டத்தில் திரண்டு, பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றி அருகிலுள்ள தீவுத்திட்டைகளுக்கு அனுப்பினர். தீவின் பெரும்பகுதி பல மாதங்கள் கிளர்ச்சியாளர் வசம் இருந்தது. அவர்களிடம் தீவு இருந்தது, கலங்கள் இல்லை. தேனியர்களோ கடல் வழியே மீண்டும் மீண்டும் படை கொண்டுவர முடிந்தது. 1734இல் மார்டினிக் தீவிலிருந்து வந்த பிரெஞ்சுப் படையினரின் துணையுடன் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. கிளர்ச்சியாளர் பலர் பிடிபடுவதைவிட இறப்பதே மேல் என்று தம்முயிரை மாய்த்துக்கொண்டனர்.

நூறாண்டுகளுக்குப் பின் கடலின் பங்கு தலைகீழாக மாறியது. 1834 ஆகஸ்டு 1 முதல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டோர்டோலா பிரித்தானியருடையது, செயிண்ட் ஜான் தேனியருடையது. இரண்டுக்கும் இடையில் குறுகிய கால்வாய் ஒன்றே இருந்தது. வடகரைத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் இரவில் கிடைத்த படகிலோ தாமே கட்டிய மிதவையிலோ மறுகரைக்குச் சென்று விடுதலை பெற்றனர். தேனிய அரசு காவற்படகுகளை நிறுத்திய போதும் தப்பிச் செல்வோரை முற்றிலும் தடுக்க இயலவில்லை. 1848 சூலை 3 அன்று செயிண்ட் குரோயில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து ஆளுநர் பீட்டர் வான் ஷோல்டன் தேனியத் தீவுகள் அனைத்திலும் அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்தார்.

அதன்பின் கரும்புத் தோட்டங்கள் கைவிடப்பட்டுக் காடாயின. எஞ்சிய மக்கள் சிறு நிலங்களில் பயிரிட்டும் மீன் பிடித்தும் வாழ்ந்தனர். கரி, கூடைகள், கால்நடைகள், நறுமணத் தைலத்துக்கான பே இலை எண்ணெய் ஆகியவற்றைப் பாய்மரப் படகுகளில் ஏற்றிச் சென்று செயிண்ட் தாமஸ் சந்தையில் விற்றனர். காற்றைப் பொறுத்து இப்பயணம் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆனது. முதலாம் உலகப் போரின்போது இத்தீவுகள் செருமனியின் கைக்குச் சென்றுவிடுமோ என்ற அச்சத்தால் ஐக்கிய அமெரிக்கா இவற்றை 2.5 கோடி டாலருக்கு வாங்கி, 1917 மார்ச்சு 31 அன்று பொறுப்பேற்றது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் செயிண்ட் ஜானின் மக்கள்தொகை எழுநூற்றுச் சொச்சமே. தேசியப் பூங்காவும், அதனுடன் ராக்பெல்லர் நடத்திய கேனீல் பே விடுதியும் தொடங்கிய பின்னரே வருகையாளர் பெருகினர். அவ்விடுதி தன் விருந்தினரைச் செயிண்ட் தாமசிலிருந்து தன் சொந்தப் படகிலேயே அழைத்து வந்தது. 2017 சூறாவளிகளில் சிதைந்தபின் விடுதி மீண்டும் திறக்கப்படவில்லை. அந்நிலம் 2023இல் தேசியப் பூங்கா நிருவாகத்தின் வசமானது.

தீவு மக்களும் நீரிணையும்

செயிண்ட் ஜானில் அரசு உயர்நிலைப் பள்ளி இல்லை. குரூஸ் பேயில் உள்ள ஜூலியஸ் ஸ்ப்ராவ் பள்ளி எட்டாம் வகுப்பு வரையே உள்ளது. தனியார் பள்ளி ஒன்றில் மேல்வகுப்புகள் உண்டு எனினும், பிற மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பு முதல் ஒவ்வொரு நாளும் காலைப் படகில் செயிண்ட் தாமசுக்குச் சென்று மாலைப் படகில் திரும்புகின்றனர். கோரல் பே பகுதியில் வாழும் மாணவருக்கு, முதலில் மலைச்சாலையில் பேருந்து, பின் படகு, பின் மீண்டும் பேருந்து என நாள் விடியுமுன்னரே தொடங்கிவிடுகிறது. மாலையில் விளையாட்டுப் பயிற்சிக்கு நிற்பதா, படகைப் பிடிப்பதா என்பது அவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி. படகு பழுதானால் பாடம் போகிறது. தீவிலேயே பள்ளி அமைக்க இடம் வேண்டுமென்றால் பூங்கா நிலத்தையே கேட்க வேண்டியிருந்தது. விசிலிங் கே என்னும் தீவுத்திட்டையைப் பூங்காவுக்குக் கொடுத்து, கேதரின்பர்க் என்னும் இடத்தில் பள்ளிக்கு நிலம் பெறும் மாற்றுத் திட்டம் இவ்வாறு எழுந்து, பல ஆண்டுகள் பேச்சுவார்த்தையில் இருந்தது.

மருத்துவத்தின் நிலையும் இதுவே. தீவில் மருத்துவமனை இல்லை. மைரா கீட்டிங் ஸ்மித் நலவாழ்வு நிலையம் என்னும் சிறு மருத்துவ நிலையம் உண்டு. மைரா கீட்டிங் ஸ்மித் இத்தீவில் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பணியாற்றிப் பல நூறு குழந்தைகளின் பிறப்புக்குத் துணைநின்றவர். இன்று பேறுகாலப் பெண்கள் செயிண்ட் தாமசின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆபத்தான நிலையில் உள்ள நோயாளிகளை நோயாளர் படகில் ஏற்றி ரெட் ஹுக்கில் இறக்கி, அங்கிருந்து நோயாளர் வண்டியில் மலைச்சாலை வழியே கொண்டு செல்கின்றனர். மாரடைப்பு போன்ற நிமிடக்கணக்கு நோய்களில் இத்தொடரின் ஒவ்வொரு கண்ணியும் முதன்மையானது.

அரசு அலுவல்களுக்கும் பலர் கடல் கடக்கின்றனர். செயிண்ட் ஜானுக்குத் தனி நகராட்சி இல்லை. ஆட்சிப்பகுதிச் சட்டமன்றத்தின் 15 உறுப்பினருள் ஒருவர் செயிண்ட் ஜானில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பது ஆட்சிப்பகுதி முழுவதன் வாக்காளர்கள். மின்சாரமும் செயிண்ட் தாமசில் உற்பத்தியாகி நீரிணையின் அடியில் செல்லும் கம்பிவடம் வழியே வருகிறது. அங்கே மின்நிலையம் பழுதானால் இங்கே விளக்கு அணைகிறது.

2017 சூறாவளிகள்

2017 செப்டம்பர் 6 அன்று ஐந்தாம் வகைச் சூறாவளியான இர்மா செயிண்ட் ஜானைத் தாக்கியது. மலைகளின் காடுகள் இலையின்றி பழுப்பாயின, வீடுகள் கூரையிழந்தன, கோரல் பேயில் நங்கூரமிட்டிருந்த படகுகள் கரைமேல் குவிந்தன. மின்கம்பங்களும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் சாய்ந்தமையால் தீவின் நிலை வெளியுலகுக்குத் தெரியவே நாட்கள் ஆயின.

வானூர்தி நிலையம் இல்லாத தீவு வழக்கமாக நம்பியிருக்கும் அண்டைத் தீவே அப்போது செயலிழந்திருந்தது. செயிண்ட் தாமசின் வானூர்தி நிலையமும் மருத்துவமனையும் சேதமடைந்தன. அம்மருத்துவமனையின் நோயாளிகளையே அமெரிக்கக் கடற்படையின் உலங்கு வானூர்திகள் வேறிடம் கொண்டு சென்றன. செயிண்ட் ஜானின் மருத்துவ நிலையமும் சேதமுற்றுப் பின்னர் வேறு கட்டடத்தில் இயங்கியது. அரசு உதவி முழுமையாக வந்து சேருமுன், புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த தனியார் படகு உரிமையாளர்கள் தண்ணீரும் உணவும் மின்னாக்கிகளும் ஏற்றிக்கொண்டு வந்து, திரும்பும்போது தீவை விட்டு வெளியேற விரும்பியவர்களை ஏற்றிச் சென்றனர். இரண்டு வாரங்களுக்குள் மரியா சூறாவளி வெர்ஜின் தீவுகளையும், செப்டம்பர் 20 அன்று அந்தப் புவெர்ட்டோ ரிக்கோவையும் தாக்கியது. உதவி செய்தவர்களே உதவி வேண்டுபவர்களாயினர்.

தீவினுள் போக்குவரத்து

குரூஸ் பே துறையில் இறங்கியதும் எதிரிலேயே சிறு பூங்காவும் வாடகை வண்டிகளும் உள்ளன. இங்குள்ள வாடகை வண்டிகள் பெரும்பாலும், சிறு லாரியின் பின்தளத்தில் கூரையிட்டு வரிசையாக இருக்கைகள் பொருத்தப்பட்ட திறந்த வண்டிகள் ஆகும். இவை பயணிகளைச் சேர்த்துக்கொண்டு, வடகரைச் சாலை வழியே டிரங்க் பே முதலிய கடற்கரைகளுக்குச் செல்கின்றன. தீவின் முதுகெலும்பு போன்ற மலைமுகட்டுச் சாலை குரூஸ் பேயைக் கோரல் பேயுடன் இணைக்கிறது. இதில் பொதுப் பேருந்தும் இயங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்வழியில் கழுதைகளும் குதிரைகளுமே சென்றன. அவற்றின் வழிவந்த கழுதைகள் இன்றும் சாலையோரங்களில் கட்டின்றித் திரிகின்றன. வளைவுகளில் வண்டி ஓட்டுவோர் அவற்றுக்கு வழிவிட்டே செல்ல வேண்டும்.